பதின்மூன்று படிகள்

கம்பளத்தின் மூலையைக் குறடால் பிடித்து
வெண்டெல் இழுத்தபோது
முதலில் வந்தது வாசனைதான்:
ஈரக் காலுறை, யாரோ கொட்டிய சூப்,
நாங்கள் வாங்கும் முன்பே இந்த வீட்டில்
நடந்து உருகிய நாற்பது வருடப் பனி.

இரண்டு நாள் வேலை, டோரிட், என்றான்.
அது நவம்பர் தொடக்கம்.
டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிய கப்பல்கள்
இன்னும் ஊதிக்கொண்டிருந்தன.

ஸ்டேப்பிள் பின்களைப் பற்றி
எங்களிடம் யாரும் சொல்லவில்லை.
படிக்கு எண்பது. சிலதில் தொண்ணூறு.
பாதி முறிந்து, ஒற்றைக்கால் மட்டும்
மரத்துக்குள் நிற்பவை;
கண்ணுக்குச் சிக்காமல்
முழங்காலுக்கு மட்டும் சிக்குபவை.
காபி டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தோம்.
ஐந்தாம் படியில் எண்ணுவதை நிறுத்தினோம்.
எட்டாம் படியில் பேசுவதை.

பிறகு மரம்.
இரண்டு ஓரமும் வெள்ளை பெயின்ட்,
நடுவில் வெறும் பலகை,
மேலிருந்து கீழ்வரை ஒரே வகிடு.
இதற்கு முன்னால் ஒடுக்கமாய் ஒரு கம்பளம் கிடந்திருக்கிறது.
பெயின்ட் அடித்தவன்
அது மறைக்கும் இடத்துக்குத் தூரிகையை நீட்டவே இல்லை.
கஞ்சன், என்றான் வெண்டெல்.
எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.
விருந்தாளி வரும்போது
கட்டிலுக்கு அடியில் துணிமூட்டையைத் தள்ளுகிறவள் நான்.

பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று
முகமூடி போட்டு, நனைத்து நனைத்துச் சுரண்டினோம்.
சிவந்த ரேகை எழுந்து வந்தது, வைரம் பாய்ந்த ஃபிர்.
பின் குத்திய துளைகளுக்கு மரப்புட்டி.
உப்புத்தாள் முரட்டிலிருந்து மெல்லியதுவரை
மூன்று சுற்று.
தலைமுடி, தலையணை, தயிர்க்கிண்ணம்,
எங்கும் மரத்தூள்.
தும்மினால்கூட ஃபிர் மணத்தது.

ஏழாம் படி முனகியது.
படிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள்
டார்ச்சோடு ஊர்ந்து போனான்.
பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில்
மடித்துச் செருகிய ஒரு தீப்பெட்டி அட்டை,
ஏதோ பௌலிங் கூடத்தின் பாதிப் பெயரோடு.
அதைப் பிடுங்கிவிட்டு
மேப்பிளில் ஆப்பு சீவி, பசை தடவி, அடித்து இறக்கினான்.
மிதித்துப் பார்த்தேன்.
முனகல் இப்போது கத்தலாகியிருந்தது.
அரைமணி நேரம் வசவு,
எல்லாம் அலமாரிக்குள்ளிருந்து.
கடைசியில் ஆப்பைக் கழற்றி
அட்டையைப் பழையபடி செருகினான்.
ஏழாம் படி வாய் திறக்கவில்லை.

வார்னிஷ்: ஒற்றைப்படைப் படிகள் இன்று,
இரட்டைப்படை நாளை.
குளியலறை மேலே, அடுப்பு கீழே இருக்கிற வீட்டில்
வேறு வழி கிடையாது.
ஐம்பத்தெட்டு வயதில்
இரண்டிரண்டாய்த் தாவி ஏறினோம்,
கைப்பிடியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு,
என் இடுப்பு என்ன சொன்னது என்பது வேறு கதை.

இரண்டாம் நாள் இரவு, தூக்கக் கலக்கத்தில்,
இன்றைக்கு எது ஈரம் என்று மறந்துபோனேன்.
நான்காம் படியில் என் குதிகால்,
தெளிவாக, வெடிப்பு வரிகள் உட்பட.
தேய்த்து மறுபடி பூசலாம் என்றான்.
நாளைக்கு, என்றேன்.
நாளைக்கும் அதையே சொன்னேன்.

டிசம்பரில் முடிந்தது.
மேல் ஜன்னல் வெளிச்சம் படிப்படியாக
இறங்கி வருவதைப் பார்க்க
கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அக்காவீட்டிலிருந்து அகேட்டைக் கூட்டிவந்தோம்.
ஏரிக்கரைச் சிவப்புக் கல்லின் பெயர் வைத்த
பதினோரு வயது நாய்.
முதல் படியில் முன்கால்களை வைத்தது.
நகம் வழுக்கியது. தாடை பலகையில் மோதியது.
எழுந்து, பின்வாங்கி,
அந்த மரத்தைப் பார்த்தது,
பிறகு எங்களைப் பார்த்தது.
இறைச்சித் துண்டு காட்டினோம். வரவில்லை.
ராத்திரி முழுக்கக் கீழே நின்று அழுதது.
வெண்டெல் போர்வையோடு இறங்கிப்போய்
அதன் பக்கத்தில் தரையில் படுத்தான்.
மூன்று இரவு. நான்காவதில் நானும்.

காலையில் கேரேஜைத் திறந்தேன்.
குப்பை வண்டி எடுக்க மறுத்த அந்தச் சுருள்
குளிரில் விறைத்துக் கிடந்தது.
சலவைசெய்து, வெயில் இல்லாததால் ஹீட்டரில் காயவைத்து,
கத்தியால் பதின்மூன்று துண்டு.
நான்காவது, குதிகால் தடத்தின்மேல்
கச்சிதமாக விழுந்தது.

வெண்டெல் ஸ்டேப்பிள் துப்பாக்கியோடு வந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காபி டப்பாவை மட்டும் எடுத்து
ஒருமுறை குலுக்கினேன்.
திரும்பிப்போய்
இருபக்க டேப் எடுத்து வந்தான்.